கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால பாட்டி ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. கோயில் தொண்டூழியர்கள் நாங்க இங்க வழக்கமாப் போடுறது பூஜை நேரம், அன்னதான உபயம், கார் நிறுத்துற இடம், இவ்வளவுதான். இன்னிக்கு ஒரு விஷயத்துல எங்க கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கு. செயலவைக்கு எதிரா இல்ல. அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் எழுதறோம்.

போன வாரம் ஒரு கம்பெனிக்காரங்க வந்தாங்க. முன்மண்டபத்துல இப்ப நிக்கிற அர்ச்சனைச் சீட்டு மெசினுக்குப் பதிலா புதுசு ஒண்ணு போட்டுக் காட்டினாங்க. பார்க்க அவ்வளவு அழகு. திரையைத் தொட்டதும் கோபுர வாசல் ரெண்டு பக்கமும் திறக்குது. மணி அடிக்குது. குத்துவிளக்குல ஒவ்வொரு திரியா எரியுது. அப்புறம் சன்னதி சன்னதியா உள்ள போகலாம். எந்த சாமிக்கு அர்ச்சனையோ அந்த சாமியைத் தொட்டா, அலங்காரத்தோட முன்னால வந்து நிக்கிறார். எல்லாரும் கை தட்டினோம். நாங்களும்தான் தட்டினோம், பொய் சொல்லக் கூடாது. அதே செயலி கவுண்டர் கம்ப்யூட்டர்லயும் ஓடும், கைப்பேசியிலயும் ஓடும்னு சொன்னாங்க. கடைசியா ஒரு வார்த்தை சொன்னாங்க: "இது வந்துட்டா கவுண்டரே தேவையில்லை."

அந்த வார்த்தைதான் எங்களுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

ஏன்னு சொல்றோம். ஆடி வெள்ளி. நாங்க அன்னதானப் பக்கம் நின்னோம். மெசின் முன்னால ஒரு பாட்டி. கையில நாலா மடிச்ச துண்டுத்தாள், அதுல பேரனோட பேரும் நட்சத்திரமும் யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்க. மறுநாள் காலையில பேரனுக்கு ஆபரேசன். பாட்டி தாளைப் பார்த்து ஒரு எழுத்து, திரையைப் பார்த்து ஒரு எழுத்துன்னு தட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போடுறதுக்குள்ள திரை முதல் பக்கத்துக்கே போயிடுச்சு. மறுபடி முதல்ல இருந்து. மறுபடியும் போயிடுச்சு. பின்னால வரிசை நீண்டுக்கிட்டே போகுது. யாரும் திட்டல, ஆனா ஒருத்தர் பெருமூச்சு விட்டாலே வயசானவங்களுக்குப் போதுமே. மூணாவது தடவை ஆனதும், பாட்டி அந்த மெசினைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டு, சீட்டுக்கு வெச்சிருந்த காசை உண்டியல்ல போட்டுட்டுப் போயிட்டாங்க. தாளை மட்டும் மெசின் மேலயே மறந்துட்டாங்க. கோயில் சாத்தும்போது துடைக்கப் போன நாங்கதான் எடுத்தோம்.

அடுத்த வாரம் வந்தப்ப கேட்டோம். "மெசினுக்கு நம்ம கை புடிக்கல போல தம்பி" அப்படின்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. பேரன் நல்லா இருக்கான். அது முருகன் பார்த்துக்கிட்டது. மெசினுக்கும் எங்களுக்கும் அதுல பங்கு இல்ல.

இதுல எங்களுக்கு வலிக்கிற விஷயம் என்னன்னா, அந்த மெசினைக் கேட்டதே நாங்கதான். தைப்பூசத்துக்கு முதல் நாள் கவுண்டர்ல வரிசை வாசல் தாண்டிப் போகுது, சீட்டு கிழிச்சுக் கை வலிக்குது, ஒரு தொடுதிரை போடுங்கன்னு பொதுக்கூட்டத்துல எழுந்து பேசினது நாங்க. இந்தப் பதிவைத் தட்டுற கை பிறை தொழிற்பேட்டையில ஒரு தொழிற்சாலையில சூப்பர்வைசர் கை. எஸ்பிஎம் முடிச்சதும் நேரா லைனுக்குப் போனவங்க நாங்க. "எங்க லைன்ல எல்லாமே டச் ஸ்கிரீன்தான், ஒண்ணும் கஷ்டமில்ல"ன்னு பெருமையா வேற சொன்னோம். மெசின் வந்த அன்னிக்கு மாலை போட்டு சாம்பிராணி காட்டிப் படம் எடுத்துப் போட்டது இதே பக்கத்துலதான். பழைய பதிவுகள்ல தேடினா கிடைக்கும்.

தொழிற்சாலையில தெரிஞ்ச பாடத்தைக் கோயிலுக்குக் கொண்டு வர மறந்துட்டோம். அதைத்தான் இப்ப எழுதறோம்.

எங்க லைன்ல முன்ன பச்சை பட்டன், சிவப்பு பட்டன், ஒரு மீட்டர், அவ்வளவுதான். அப்புறம் தொடுதிரை பேனல் வந்துச்சு, ஹெச்எம்ஐன்னு சொல்வோம். முதல்ல வந்த பேனல்கள் திருவிழாக் கடை மாதிரி இருக்கும். தொட்டி பளபளன்னு மின்னும், விசிறி சுத்தும், குழாயில நீலத் தண்ணி ஓடும். மேனேஜர் யாரையாவது கூட்டிட்டு வந்து காட்ட நல்லா இருக்கும். ஆனா உண்மையா ஒரு அலாரம் வந்தா அந்த வண்ணத்துக்குள்ள அதுவும் ஒரு வண்ணமா ஒளிஞ்சுக்கும். ராத்திரி ஷிஃப்ட்டுல ஓப்பரேட்டர் கண்ணுக்குப் படாது. இப்ப வர்ற நல்ல பேனல் எல்லாம் சாம்பல் நிறம். எல்லாம் சரியா ஓடும்போது திரை சாதுவா இருக்கும். ஏதாவது தப்பினா மட்டும் அந்த ஒரு இடம் நிறம் மாறும். அமெரிக்காவுல ஐஎஸ்ஏன்னு தானியங்கித் துறைக்கான ஒரு சங்கம் இருக்கு, அவங்க இந்தத் திரைகளுக்குன்னே 2015-ல ஐஎஸ்ஏ-101னு ஒரு தரநிலை வெளியிட்டாங்க. திரை அழகுக்கு இல்ல, பார்க்கிறவன் சட்டுன்னு புரிஞ்சு சரியாச் செய்யறதுக்குன்னு அந்தத் துறை கத்துக்கிட்ட பாடம் அது.

அதுக்காகக் கோயில் திரையைச் சாம்பலாக்குங்கன்னு சொல்லல. கோயில்னா அழகு வேணும். கோபுரத்துல ஒரு அங்குலம் கூட சும்மா விடாம சிற்பம் வெச்ச பரம்பரை நாம. ஆனா கோபுரத்துல அத்தனை சிற்பம் வெச்சவங்க, மூலஸ்தானத்துக்குப் போற பாதையை நேராத்தானே வெச்சாங்க? நடுவுல ஒரு சிற்பத்தை நிறுத்தி மறிக்கலையே.

செயலவையில ஒருத்தர் எங்ககிட்ட கேட்டார்: "இந்த மாதிரி செயலி கட்ட எது சிறந்த ஃபிரேம்வர்க்?" நல்ல கேள்விதான். ஃபிரேம்வர்க்னா வேற ஒண்ணும் இல்ல. முன்ன பந்தல் போட மூங்கில் வெட்டி, கயிறு கட்டி, ஓலை வேய்ஞ்சோம். இப்ப இரும்புச் சட்டம் ரெடியா லோரியில வருது, மாட்டிட்டு மேல துணி இழுத்தா முடிஞ்சது. அது மாதிரி பட்டன், பட்டியல், படம், அசைவு எல்லாம் முன்னாடியே செஞ்சு வெச்ச சட்டம்தான் ஃபிரேம்வர்க். மைக்ரோசாஃப்ட்டோட டபிள்யூபிஎஃப் 2006-ல விண்டோஸ் விஸ்டா காலத்துல வந்தது. படத்தைப் புள்ளிகளா இல்லாம வெக்டர் கோடுகளா வரையறதால பெருசாக்கினாலும் கோடு உடையாது. பல விரல் தொடுதல் அதுக்கு 2010-ல வந்தது. கியூட் அப்படின்னு ஒண்ணு நோர்வேயில பிறந்தது, 1995-ல வெளிவந்தது, தொழிற்சாலைப் பேனல், கார் திரை, மருத்துவக் கருவியில எல்லாம் இருக்கு. கூகுளோட ஃபிளட்டர் 2018 டிசம்பர்ல முதல் முழுப் பதிப்பு. ஒரு தடவை எழுதினா கைப்பேசி, விண்டோஸ் எல்லாத்துலயும் ஓட வைக்கலாம். எலக்ட்ரான் 2013-ல ஆரம்பிச்சது; இணையப் பக்கம் செய்யத் தெரிஞ்சவங்க அதுல சீக்கிரம் கட்டிடுவாங்க, ஆனா ஒவ்வொரு செயலியும் ஒரு முழு பிரவுசரையே முதுகுல தூக்கிக்கிட்டு ஓடும், சின்ன மெசின்ல மூச்சு வாங்கும்.

எது நல்லதுன்னு கேட்டா, எல்லாமே நல்ல இரும்புதான். பந்தல் சாய்ஞ்சா இரும்பு மேல பழி போடுறது இல்ல, கட்டினவரைத்தான் கேட்போம். பாட்டி திரும்பிப் போனது எந்த ஃபிரேம்வர்க்கோட தப்பும் இல்ல. அதுல கட்டினவங்க, எங்களையும் சேர்த்துத்தான், ஒரு பாட்டியைக் கூடப் பக்கத்துல நிக்க வெச்சுப் பார்க்கல.

மெசின் பக்கத்துல நாங்க நாலு வெள்ளிக்கிழமை மாறி மாறி நின்னு பார்த்தோம். என்ன நடக்குதுன்னு குறிச்சோம். அதுல பாதி விஷயம் எங்க கண்ணையே திறந்தது.

முதல்ல கை. ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்து இருக்கிறவர் கை காய்ஞ்ச கை. கோயிலுக்கு வர்ற கை அப்படி இல்ல. தேங்காய்த் தண்ணி, அபிஷேகப் பால், விளக்கு எண்ணெய், விபூதி, எல்லாம் விரல்ல இருக்கு. கைப்பேசியில இருக்கிற மாதிரித் திரை, கெப்பாசிட்டிவ்னு சொல்வாங்க, விரலோட மின்சாரத் தன்மையை உணர்ந்துதான் வேலை செய்யும். ஈரம் பட்டா அதுக்குக் குழப்பம் வரும். தொடாத இடத்துல தொட்ட மாதிரி எடுத்துக்கும். எங்க லைன்ல கையுறை போட்டு வேலை செய்யற இடத்துல அழுத்தினா வேலை செய்யற வேற வகைத் திரை வெச்சிருக்கோம், ரெசிஸ்டிவ். பளபளப்பு கொஞ்சம் கம்மி, ஆனா கை எப்படி இருந்தாலும் கேட்கும். கோயிலுக்கு அதுதான் வேணும்னு சொல்லல. ஈரக் கையையும் தாங்குற நல்ல கெப்பாசிட்டிவ் திரையும் கிடைக்குது. பக்கத்துல ஒரு துணி தொங்க விட்டாலே பாதிப் பிரச்சினை தீருது. ஆனா கேட்காம வாங்கினா விற்கிறவர் கையில இருக்கிறதுதான் வரும்.

அடுத்தது, பெரியவங்க தொடுற விதம். நம்ம பிள்ளைங்க டப்புன்னு தட்டிட்டு எடுத்துடுவாங்க. அம்மாமார்கள் அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க, காலிங் பெல் மாதிரி. விண்டோஸ் மெசின்ல அழுத்திப் பிடிச்சா அது மவுசோட வலது பக்க கிளிக்னு எடுத்துக்கும். ஒரு சின்னச் சதுரம் வரும், சீட்டு வராது. அவங்க இன்னும் பலமா அழுத்துவாங்க. இதை நிறுத்தறதுக்கு எந்த ஃபிரேம்வர்க்லயும் வழி இருக்கு, செய்யறவர் நினைச்சா சின்ன வேலை. ஆனா மவுசை வெச்சுச் செஞ்சு, மவுசை வெச்சே சோதிச்சவருக்கு இப்படி ஒண்ணு நடக்கும்னே தெரியாது. மவுசு அம்பு மேல போனா விளக்கம் காட்டுற பட்டன் இன்னொண்ணு. விரலுக்கு "மேல போறது"ன்னு ஒண்ணு கிடையாதே! தொட்டாத்தான் உண்டு. அதனால அந்த விளக்கத்தை இதுவரைக்கும் ஒரு பக்தர் கூடப் பார்த்திருக்க மாட்டார்.

பட்டன் அளவு பற்றியும் சொல்லணும். கூகுள் அவங்க செயலிகளுக்குச் சொல்ற கணக்கு 48 டிபி, நிஜத்துல சுமார் 9 மில்லிமீட்டர். ஆப்பிள் 44 பாயிண்ட்னு சொல்றாங்க. அது கையில பிடிச்சிருக்கிற கைப்பேசிக்கு. நின்னுக்கிட்டு, கை நீட்டி, ஒரு கையில அர்ச்சனைத் தட்டைப் பிடிச்சுக்கிட்டுத் தொடுறவங்களுக்கு அதைவிடப் பெருசு வேணும். நம்ம மெசின்ல "அடுத்து" பட்டன் அகலம் சரி, உயரத்துல அஞ்சு சில்லு வெட்டின வெண்டைக்காய் மாதிரி. இன்னொண்ணு, எல்லாத்தையும் மேல வெச்சுட்டாங்க. சக்கர நாற்காலியில வர்றவங்களுக்கு எட்டாது. அமெரிக்க விதியில கை எட்டற உயரம் 48 அங்குலம், சுமார் 1.2 மீட்டர், அதுக்கு மேல தொடுற பொருள் இருக்கக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க. நம்ம மெசின்ல சாமி பேர் எல்லாம் அதுக்கு மேலதான் இருக்கு.

நட்சத்திரம். இதைப் பேசினா எங்களுக்கு இன்னும் சிரிப்பு வருது, கோபமும் வருது. 27 நட்சத்திரத்தையும் இங்கிலீஷ் எழுத்து வரிசையில அடுக்கி, இழுத்து இறக்குற பட்டியலா வெச்சிருக்காங்க. நம்ம ஆளுங்களுக்கு அஸ்வினி, பரணி, கார்த்திகைன்னு ராகம் போட்டுத்தான் வரும். ரோகிணியைத் தேடணும்னா அஸ்வினியில ஆரம்பிச்சு எண்ணிக்கிட்டே வருவாங்க. அந்த வரிசையைக் கலைச்சுட்டா எல்லாமே தொலைஞ்சது. நாங்க ஒரு அட்டையில பேனாவால போட்டுப் பார்த்தோம்: மூணு பத்தி, பத்திக்கு ஒன்பது, எல்லாம் ஒரே திரையில, இழுக்க வேண்டியதே இல்ல. குருக்கள் ஐயா அதைப் பார்த்துட்டு, "அட, அஸ்வினி, மகம், மூலம் ஒரே வரிசையில வந்துடுச்சே, மூணுக்கும் கேது தசைதான்"னு சொன்னார். நாங்க அதை நினைச்சுப் போடல. பஞ்சாங்க வரிசைப்படி ஒன்பது ஒன்பதா எழுதினா அது தானா அப்படி அமையுது. கீழ ஒரு பெரிய பட்டன்: "நட்சத்திரம் தெரியாது, சுவாமி பேருக்கே செய்யுங்க." கவுண்டர் அக்கா தினமும் வாயால கேட்கிற கேள்வி அது. இப்ப இருக்கிற மெசின்ல நட்சத்திரம் போடாம அடுத்த பக்கம் போகவே முடியாது. எத்தனை பேர் தெரியாம ஏதோ ஒண்ணைத் தொட்டுட்டுப் போனாங்களோ.

பேர் விஷயம் இன்னும் மோசம். நம்ம அடையாள அட்டையில பேருக்கு நடுவுல ஏ/எல், ஏ/பின்னு சாய்வுக்கோடு இருக்கு. மெசின் அந்தக் கோட்டை ஏத்துக்காது. "தவறான எழுத்து"ன்னு சிவப்புல காட்டுது. நம்ம அப்பா பேரோட நம்மைச் சேர்க்கிற கோடு அது, அதைப் போய்த் தவறுன்னு சொல்லுது. எழுதினவர் வேற ஊர்க்காரர், அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அவருக்கு யாரும் சொல்லல. சொல்ல வேண்டியது நாங்க.

அப்புறம் தமிழ். திரையில தமிழ் நல்லாத்தான் வருது. சீட்டுல பார்த்தா சில சமயம் கேள்விக்குறி வரிசையா வருது, சில சமயம் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம். ஏன்னு எங்க லைன் டெக்னிசியன் பையன் சொல்லித்தான் புரிஞ்சது. "கொ" அப்படிங்கிற எழுத்தைக் கம்ப்யூட்டர் உள்ள வெச்சிருக்கிறது "க"-வும் ஒரு உயிர்க்குறியும். அந்தக் குறியைப் பிரிச்சு க-வுக்கு முன்னால பாதி, பின்னால பாதி போட்டு வரையறதுக்குத் தனியா ஒரு மென்பொருள் வேணும். ஃபிளட்டர், கியூட் எல்லாம் அதுக்கு ஹார்ஃபஸ்னு ஒண்ணை உள்ளேயே வெச்சிருக்கு. ஆனா சீட்டு அடிக்கிற சின்ன பிரிண்டர், 80 மில்லிமீட்டர் தாள் போடுறது, பெரும்பாலும் அதுக்குள்ள தமிழே இருக்காது. அதுக்கு எழுத்தா அனுப்பக் கூடாது, திரையில வரைஞ்ச மாதிரியே படமா அனுப்பணும். தெரிஞ்சவங்களுக்கு இது அரை நாள் வேலை. யாரும் கேட்கலைன்னா அப்படியே இருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, குருக்கள் சன்னதியில நின்னு வாசிக்கிறது திரையை இல்ல, அந்தச் சீட்டை. அங்க பேர் உடைஞ்சா மத்த அழகு எல்லாம் எதுக்கு? நம்ம நாட்டு முத்து நெடுமாறன் 1985-லயே முரசு அஞ்சல் செய்தவர். ஆப்பிள் மேக்ல வர்ற இணைமதி எழுத்து அவர் செய்தது. தமிழைக் கம்ப்யூட்டர்ல ஏத்தின மலேசியாவுல, ஒரு அர்ச்சனைச் சீட்டுல கேள்விக்குறி வரலாமா?

இனி திரை உறைஞ்சு போற கதை. "சீட்டு எடு"ன்னு தொட்டா ஒண்ணும் நடக்காது. மறுபடி தொடுவாங்க. மறுபடி. திடீர்னு மூணு சீட்டு வரும். பணம் மூணு தடவை போயிருக்கும், கியூஆர்ல. அப்புறம் பொருளாளர் கிட்ட ஓட்டம். காரணம் இதுதான்: செயலியில திரையைப் பார்த்துக்கிற ஆள் ஒருத்தர்தான். நல்ல திரை ஒரு செகண்டுக்கு 60 தடவை புதுசா வரையுது, ஒரு தடவைக்கு 16 மில்லிசெகண்டுதான் நேரம். அந்த ஆளையே பிரிண்டர் கிட்டயும் பேங்க் கிட்டயும் பேச அனுப்பினா, அவர் திரும்பி வர்ற வரைக்கும் திரை செத்த மாதிரி நிக்கும். கவுண்டர் அக்கா சீட்டுக் கட்டு எடுக்க உள்ள ஸ்டோருக்குப் போனா வெளிய யாரும் இல்லாத மாதிரி. அந்த வேலைக்கு வேற ஆளை, அதாவது வேற திரெட்டை, அனுப்பணும். தொட்ட உடனே பட்டன் நிறம் மாறி "அம்மா, சீட்டு அடிக்குது, இருங்க"ன்னு காட்டணும். அது முடியற வரைக்கும் இன்னொரு தடவை தொட முடியாம செய்யணும். நம்ம புது மெசின்ல எரியற குத்துவிளக்கை விட இந்த ஒரு வரிதான் எங்களுக்கு அழகாத் தெரியுது.

பாட்டியைத் திருப்பி அனுப்பின நேரக் கணக்குக்கு வர்றோம். 30 செகண்டு தொடலைன்னா முதல் பக்கம். அது வேணும்தான், பாதியில விட்டுட்டுப் போனவங்க பேர் திரையிலேயே இருக்கக் கூடாது. ஆனா உலகத்துல இதுக்கு வழி சொல்லியிருக்காங்க. டபிள்யூகேக்னு எல்லாராலும் பயன்படுத்த முடியறதுக்கான வழிகாட்டி இருக்கு. அதுல ஒரு வழி, நேரம் முடியறதுக்கு முன்னால எச்சரிச்சு, "இன்னும் நேரம் வேணும்"னு சும்மா ஒரு தொடுதல்ல சொல்ல குறைஞ்சது 20 செகண்டு கொடுக்கணும். "இன்னும் இருக்கீங்களா பாட்டி?"ன்னு ஒரு கேள்வி. அது இருந்திருந்தா அன்னிக்கு அந்தத் தாள் மெசின் மேல இருந்திருக்காது.

இன்னும் ஒண்ணு, சீக்கிரமா. இது எத்தனை வருசம் ஓடும்? ஃபிளாஷ்ல செஞ்ச பளபளப்பு எல்லாம் 2020 டிசம்பர் 31-ஓட முடிஞ்சது. மைக்ரோசாஃப்ட்டோட சில்வர்லைட் 2021 அக்டோபர்ல. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல நின்னது. நம்ம தேர் தாத்தா காலத்துத் தேர். மெசின் அப்படி இல்ல, அது கறிவேப்பிலைக் கட்டு மாதிரி, வாங்கின அன்னிக்கே வாடத் தொடங்கிடும். அதனால ஒப்பந்தத்துல மூல நிரல் கோயில் பேருக்கு வரணும், அவங்க கம்பெனி மூடினாலும் வேற ஆள் வந்து திருத்த முடியணும். விலை கேட்கிறதுக்கு முன்னால இதைக் கேட்கணும்.

அப்ப எங்க கருத்து என்ன? புது மெசின் வேண்டாம்னு இல்ல. வேணும். கவுண்டர் அக்காவுக்கும் மூட்டு வலி இருக்கு. ஆனா தொழிற்சாலையில நாங்க "பை-ஆஃப்" இல்லாம எந்த மெசினையும் ஏத்துக்க மாட்டோம். விற்கிறவர் ஓட்டிக் காட்டினா அது பை-ஆஃப் இல்ல. எங்க ஓப்பரேட்டர், நேபாளத்துல இருந்து வந்த பையனோ பங்களாதேசத்துல இருந்து வந்த பையனோ, மலாய் பாதி புரியும் இங்கிலீஷ் புரியாது, ராத்திரி ஷிஃப்ட்டுல தனியா ஓட்டணும். அவனுக்கு யாரும் கை காட்டக் கூடாது. அவன் எங்க தயங்குறானோ அங்க மெசின் தப்பு. அவன் தப்பு இல்ல. அதை எழுதிக் கொடுத்து, அவங்க சரி பண்ணிக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து. மேனேஜர் அவசரப்படுத்தினாலும் நாங்க இதுல விட்டுக் கொடுத்தது இல்ல. சாமி காரியத்துல மட்டும் ஏன் கை தட்டிட்டுக் கையெழுத்துப் போடணும்?

கவுண்டர் பற்றியும் நேராச் சொல்லிடறோம். மெசின் எவ்வளவு நல்லா இருந்தாலும் ஒரு கவுண்டர் திறந்திருக்கணும். எல்லாரும் சீட்டு வாங்க மட்டும் வர்றது இல்ல. சிலர் "பையனுக்கு நாளைக்கு ஆபரேசன்"னு யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்ல வர்றாங்க. கவுண்டர் அக்கா சீட்டைக் கிழிச்சுக்கிட்டே "ஒண்ணும் ஆகாதும்மா"ன்னு சொல்வாங்க. அதுக்கு எந்தக் கம்பெனியும் பட்டன் வெச்சுக் காட்டல.

சிலர் சொல்லலாம், இளைய தலைமுறையைக் கோயிலுக்கு இழுக்கப் பளபளப்பு வேணும்னு. எங்க வீட்டுப் பிள்ளைங்களையே கேட்டோம். அவங்க கைப்பேசியில இதைவிட நூறு மடங்கு பளபளப்பைப் பார்க்கிறவங்க. "அப்பா, சீக்கிரம் சீட்டு வந்தாப் போதும்"னாங்க. அதனால கோபுர வாசல் திறக்கிற அந்த அசைவை மெசின் சும்மா நிக்கும்போது ஓட விடலாம், யாரும் ரசிக்கலாம். ஒருத்தர் விரலை வெச்ச நிமிசத்துல இருந்து அது ஒதுங்கி நின்னு வழி விடணும். இதுல கம்பெனிக்காரங்க ஒத்துழைப்பாங்கன்னுதான் நினைக்கிறோம். நல்ல பிள்ளைங்க, நாங்க பேசினப்ப எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டாங்க. ஏ/எல் விஷயம் சொன்னதும் அவங்களே தலையில கை வெச்சாங்க.

செயலவைத் தலைவர் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டார். வர்ற ஞாயிற்றுக்கிழமை காலைப் பூஜை முடிஞ்சதும், பத்து மணிக்கு, முன்மண்டபத்துல அந்த மாதிரி மெசினை வைக்கிறாங்க. அறுபது வயசுக்கு மேலான பத்துப் பேர் வேணும். யாரும் சொல்லிக் கொடுக்க மாட்டோம், பக்கத்துல நின்னு எழுதிக்க மட்டும் செய்வோம். தப்பாத் தொட்டா இன்னும் நல்லது. உங்க அம்மா, பாட்டி, மாமியாரைக் கூட்டிட்டு வாங்க. கண்ணாடியை மறக்காமக் கொண்டு வரச் சொல்லுங்க. கை துடைக்க வேண்டாம், அர்ச்சனை செஞ்ச கையோடவே வரட்டும். காலை உணவு உண்டு, அன்னிக்கு உப்புமா உபயம் எங்களோடது.

ஆடி வெள்ளிப் பாட்டியும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அந்தத் தாள் இன்னும் எங்ககிட்டதான் இருக்கு, அன்னிக்குக் கொடுத்துடுவோம். அவங்க வீட்டுல காலையில கார் இல்லையாம். தாமான் பக்கத்துல இருந்து வர்ற அன்பர் யாராவது ஒன்பதரைக்கு ஏத்திட்டு வர முடிஞ்சா கீழ சொல்லுங்க.